ராஜர் மட்டும் போதாது

விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வதற்கான டாக்ஸி அனுமதிக்கு ரேடியோவில் ‘ராஜர்’ என்றதும் விமானக் கட்டுப்பாட்டு கன்ட்ரோலர் அதட்டினார், எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னால் நீளமாகிறது, எதை விடலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘ராஜர்’ என்றால் காதில் விழுந்தது என்று மட்டுமே அர்த்தம். நீங்கள் சரியாகக் கேட்டீர்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரன்வே சம்பந்தப்பட்டது எதையும் விடாதீர்கள். நுழைவது, கடப்பது, இறங்குவது, கிளம்புவது, முக்கியமாக அதற்கு முன்னால் நிற்பது. “ஹோல்டிங் ஷார்ட் ரன்வே 07” (ரன்வே 07-க்கு முன்னால் நிற்கிறேன்) என்று சொல்லி உங்கள் கால்சைனையும், அதாவது விமானத்தின் ரேடியோ அழைப்புப் பெயரையும் சேருங்கள். அப்புறம் உயரம், ஹெடிங் (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை), வேகம், ஸ்குவாக் எண் (ரேடாரில் உங்களை அடையாளம் காட்டுவது), கியூஎன்ஹெச் (உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் வைக்கும் காற்றழுத்த எண்). 1003-ஐ 1013 என்று வைத்துவிட்டால், ஆல்டிமீட்டர் காட்டுவதைவிடக் கிட்டத்தட்ட 300 அடி கீழே பறப்பீர்கள். மேகத்துக்குள் அது விளையாட்டில்லை.

காற்றின் திசை, வேகம் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ராஜர் தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்று: அனுமதி கிடைக்கும்வரை ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, “ரெடி ஃபார் டிபார்ச்சர்” என்பதுதான் முறை. 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் ரன்வேயில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்துக்கு அப்புறம் இறுகிய வழக்கம் இது.

நீளமான டாக்ஸி வழியை முழங்கால் பலகையில் எழுதிக்கொண்டே கேளுங்கள். என் முதல் மாதத்தில் நானும் தடுமாறியவன்தான்.