தோள் வலிக்குக் காரணம் சிலிண்டரின் எடைதானா?

மலை நீர்த்தேக்கம் ஒன்றில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து ஸ்கூபா டைவிங் செய்துவிட்டு, 18 நாட்கள் கழித்து நீங்கள் எழுதிய கடிதத்தின் முக்கால் பங்கை மூளையைத் தின்னும் அமீபாவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுவோம். நெக்லேரியா என்னும் அந்த அமீபா, வெதுவெதுப்பான நன்னீர் மூக்கின் வழியே மேலேறும்போதுதான் மூளையை எட்டுகிறது. நீங்கள் அஞ்சுவதுபோல ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கியதால் வராது. வந்திருந்தால் பெரும்பாலும் 12 நாட்களுக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வாந்தியும் உங்களைப் படுக்கையில் தள்ளியிருக்கும். 18 நாட்கள் கழித்து, காய்ச்சலே காணாமல், நான்கு பக்கக் கடிதம் எழுதுகிறவருக்கு அந்த நோய் இல்லை. இணையத்தில் படித்துவிட்டு 'முன்னெச்சரிக்கையாக' நீங்கள் விழுங்கிய ஆன்டிபயாடிக், வயிற்றைக் கெடுத்ததைத் தவிர வேறெதையும் சாதிக்கவில்லை. கால்களில் கண்ட அரிப்புத் தடிப்புகள் நீர்ப்பறவைகளிடமிருந்து நத்தை வழியாக வரும் நுண்புழுக்களின் வேலை. அவை தோலிலேயே மடிந்துவிடும். முகமூடிக்குள் தெரிந்த ரத்தத் துளி மூக்கின் சவ்விலிருந்து கசிந்தது, மறந்துவிடுங்கள்.

என்னை நிறுத்திய வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் நாள் மூன்றாவது முறை 20 மீட்டர் வரை இறங்கி ஏறிய பிறகு, அன்று மாலையே மலைப்பாதையில் இன்னும் உயரத்துக்குக் காரில் சென்றபோது தோளில் வலி தொடங்கியதாகவும், அது சிலிண்டரைச் சுமந்ததால் வந்தது என்று வலி மாத்திரை போட்டதாகவும், இடது பாதம் மட்டும் 'இன்னும் கொஞ்சம் மரத்தாற்போல' இருப்பதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டரைச் சுமப்பதால் தோள் வலிக்கலாம். பாதம் மரத்துப்போவதை அதனால் விளக்க முடியாது.

ஆழத்தில் சுவாசிக்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன், மேலேறுகையில் அழுத்தம் குறையும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வெளியேற முடியாவிட்டால் குமிழிகளாகிறது. மூட்டருகே அது வலி, தண்டுவடத்தில் அது மரத்துப்போதலும் தளர்ச்சியும். கடலைவிட ஏரி பாதுகாப்பானது என்ற எண்ணம் இங்கேதான் ஏமாற்றுகிறது. 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள நீர்த்தேக்கத்தில், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கடல் மட்டத்துக்கென வகுத்த டைவிங் அட்டவணையை அப்படியே பின்பற்றக் கூடாது. ஏனெனில் நீங்கள் திரும்பி வரும் காற்றே அழுத்தம் குறைந்தது. உங்கள் நீர்த்தேக்கமோ 900 மீட்டரில் இருக்கிறது. போதாததற்கு, நைட்ரஜன் முழுவதும் வெளியேறுமுன்னே அதைவிட உயரத்துக்கும் ஏறியிருக்கிறீர்கள். அடுத்தடுத்த நாட்களில் டைவிங் செய்தவர்கள் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை மலைப்பாதைக்கும் பொருந்தும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலும்.

அன்றே வந்திருந்தால் முழு ஆக்சிஜன் கொடுத்து, காற்றழுத்தத்தை உயர்த்திச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன். வலி மாத்திரை குமிழியைக் கரைக்காது, அறிகுறியை மறைக்கும். இப்போதும் காலம் கடந்துவிட்டதென்று இருந்துவிடாதீர்கள். நாட்கள் கழித்துத் தரும் அழுத்தச் சிகிச்சையும் சிலருக்குப் பலன் தருகிறது. இந்த பதிலைப் படித்த அன்றே, டைவிங் மருத்துவம் அறிந்த மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ செல்லுங்கள். நடக்கையில் கால் தடுமாறினாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் இறங்கலாமா என்ற கேள்விக்கு, அந்த மருத்துவர் அனுமதிக்கும் வரை கூடாது என்பதே பதில். போகும்போது உங்கள் டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டுபோங்கள்; எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எவ்வளவு வேகத்தில் மேலேறினீர்கள் என்பதை உங்கள் நினைவைவிட அது சரியாகச் சொல்லும்.