அப்பாவை மேடையை விட்டு இறங்கச் சொல்லலாமா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 34 வயது. பெங்களூருவில் அல்சூர் பக்கம் வளர்ந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு இப்போது 66. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆனால் எங்கள் ஏரியாவில் அவரைக் கேட்டால் 'கிடார் வாசிக்கிறவர்' என்றுதான் சொல்வார்கள். காலேஜ் நாட்களில் நண்பர்களோடு ஆரம்பித்த ராக் பேண்டில் இன்றைக்கும் அவர்தான் பாடகர், அவர்தான் கிடார். டீப் பர்ப்பிள், ரோலிங் ஸ்டோன்ஸ், பிளாக் சப்பாத் என்று பெரும்பாலும் பிரபல ராக் பேண்டுகளின் பாட்டுகளைத் திரும்பப் பாடும் கவர்கள். பழைய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள், இப்போது டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்கு என்னைவிட வயது குறைவு.

2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதன் பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது வயது 59. "பாரு, இந்த வயசுல மனுஷன் எப்படி ஓடுறான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தானும் அப்படித்தான் இருக்கப்போகிறோம் என்று நம்பியிருப்பார் போல.

இப்போது அவருக்குக் குரல் மேலே போகவில்லை. உச்சிக்குப் போக வேண்டிய இடம் வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார். முன்பெல்லாம் அப்படி நீட்டினால் ஜனம் கத்தித் தீர்க்கும். இப்போது பப்பில் ஏழெட்டு மேஜைகள் இருந்தால் பெரிய விஷயம், நீட்டின மைக்கில் ஒரு சத்தமும் வராமல் அந்த வரி அப்படியே விழுந்துபோகிறது. சில பாட்டுகளில் இரண்டாவது சரணத்தின் வரிகள் மறந்துபோய் முதல் சரணத்தையே திரும்பப் பாடுகிறார். வீட்டில் ஞாபகமறதி எதுவும் இல்லை, கேஸ் புக் பண்ணுவது, மின் கட்டணம் கட்டுவது எல்லாம் அவர்தான். காதில் எப்போதும் 'ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்கிறது என்கிறார், டிவியை அலறவிடுகிறார். ஷோவுக்குக் கிளம்பும் முன் சமையலறையில் நின்றுகொண்டு இடது கை விரல்களை வெந்நீரில் முக்கி முக்கி எடுப்பார். நான் உள்ளே வந்தால் சட்டென்று பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்.

போன மாதம் யாரோ ஒருவர் அவர் பாடியதை ரீல் எடுத்துப் போட்டுவிட்டார். "தாத்தா, போய்த் தூங்குங்க" என்கிற மாதிரி கமெண்டுகள். அப்பா பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் படித்தேன், அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அப்புறம் அந்த டிரம்ஸ் பையன் போன் செய்தான். "அக்கா, அங்கிள்கிட்ட எங்களால சொல்ல முடியல, நீங்க சொன்னா கேப்பாரு" என்றான். துபாயில் இருக்கும் அண்ணனும் அதையே சொல்கிறான். அம்மா மட்டும் "அதையும் பிடுங்கிட்டா மனுஷன் உடைஞ்சு போயிடுவார், வாயைத் திறக்காதே" என்கிறார்.

ராக் இளமையின் இசை, ஒரு வயதுக்கு மேல் நிறுத்திக்கொள்வதுதான் கௌரவம் என்று எனக்கே தோன்றுகிறது. பிளாக் சப்பாத் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் ஊரைக் கூட்டி ஒரே ஒரு கடைசி ஷோ செய்து முடித்துக்கொண்டார் இல்லையா, அந்த மாதிரி. இப்படி நினைப்பதே அப்பாவுக்குச் செய்யும் துரோகம் போலவும் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் ஒரு பெரிய ஷோவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் சொல்லிவிடட்டுமா?

இப்படிக்கு,
ஒரு மகள், பெங்களூரு

அன்புள்ள மகளே,

சொல்லுங்கள். ஆனால் 'நிறுத்துங்க' என்று சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் அவரிடம் மறைக்காமல் பேசுங்கள், நிறுத்துவதா தொடர்வதா, தொடர்ந்தால் எப்படி என்பதை அவர் தீர்மானிக்கட்டும். இந்த இரண்டும் வேறு வேறு வேலைகள், முதலாவது மட்டும்தான் உங்களுடையது.

உங்கள் கடிதத்தில் அந்த மைக் விஷயத்தை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். குரல் போகாத இடத்தில், அதுவும் சரியாக அந்த இடத்தில் மட்டும், ஒருவர் மைக்கை நீட்டுகிறார் என்றால் தன் குரல் எங்கே உடைகிறது என்று அவருக்கு அட்சரசுத்தமாகத் தெரியும் என்று அர்த்தம். வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்ப்பதும் அதே கதைதான். ஆக, அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை, யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்களே, அது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. அவருக்கு எல்லாம் தெரியும். யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகத் தூக்கிச் சுமக்கிறார். இப்படி இருப்பவரிடம் "உங்களுக்கு வயசாச்சுப்பா" என்றால், அவர் பயந்துகொண்டிருக்கும் வார்த்தையை நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுத்ததாகிவிடும்.

முதல் வேலை, உடம்பைப் பார்ப்பது. மகள் மேல் அன்பு வைத்திருக்கிற அப்பா, டாக்டரிடம் போகலாம் என்றால் வருவார். வயதாகும்போது குரல்நாண்கள் மெலிந்து, மூடும்போது நடுவில் இடைவெளி விழுந்து காற்று கசியும், அதனால் மேல் சுரங்களுக்கு இரண்டு மடங்கு சிரமப்பட வேண்டியிருக்கும். இது இயல்புதான், குரல் பயிற்சி சிகிச்சையில் ஓரளவு தேறவும் செய்யும். ஆனால் எல்லாவற்றையும் வயதின் தலையில் போடக்கூடாது. லிண்டா ரான்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பாடகியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குரல் ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்று புரியாமலேயே பல வருடங்கள் பாடினார், 2009-இல் மேடையை விட்டார். 2013-இல்தான் அது பார்க்கின்சன் நோய் என்று வெளியே சொன்னார், பின்னால் அதுவும் இல்லை, அதைப் போன்ற வேறொரு நரம்பு நோய் என்று தெரிய வந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. குரல் மாறினால் காரணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காதும் அப்படித்தான். பல வருடங்களாக டிரம்ஸுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பக்கத்தில் நின்றவருக்குக் காது இரையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதில் நம் வீடுகளில் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது: தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதபோது பாடுகிறவர் கத்த ஆரம்பிப்பார், கத்தினால் குரல் இன்னும் கெடும், சத்தக் காட்டுக்குள் அடுத்த வரி எது என்ற பிடியும் நழுவும். வீட்டில் ஞாபகம் நன்றாக இருந்து மேடையில் மட்டும் வரி மறக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், காதும் பதற்றமும் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன். ஆனாலும் இது என் ஊகம், பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஏசி/டிசி என்ற ராக் பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சனை 2016-இல் மருத்துவர்கள் உடனே நிறுத்தச் சொன்னார்கள், தொடர்ந்தால் காது முழுசாகப் போய்விடும் என்று. சுற்றுப்பயணத்தின் பாதியில் இறங்கினார், அவர் இடத்தில் வேறொரு பேண்டின் பாடகரான ஆக்ஸல் ரோஸ் பாடினார். பிறகு காதுக்குள் பொருத்தும் புதிய கருவி ஒன்றின் துணையோடு அதே மேடைக்குத் திரும்பி வந்தார். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தியதால்தான் அது முடிந்தது.

டாக்டரிடம் போகும்போது விரல் வலியையும் சொல்லச் சொல்லுங்கள். கை நடுக்கம், வழி மறப்பது, தடுமாறி விழுவது இதில் ஏதாவது வீட்டிலும் தெரிய ஆரம்பித்தால் டிசம்பரை எல்லாம் பார்க்காமல் உடனே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் நீங்கள் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கலாம்.

அடுத்தது, பாட்டு. அப்பாவுக்குப் பிடித்த டீப் பர்ப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாடகர் இயான் கில்லன் 1945-இல் பிறந்தவர். 1970-இல் வெளிவந்த, பத்து நிமிடம் ஓடுகிற, உச்சியில் போய் அலறுகிற அந்தப் பாட்டை அப்பாவிடம் சொன்னால் உடனே பெயர் சொல்வார். கில்லன் அதை 2000-களின் தொடக்கத்திலேயே மேடையில் பாடுவதை விட்டுவிட்டார். பேண்டை விடவில்லை, பாட்டைத்தான் விட்டார். இன்னும் எத்தனையோ பேர் கிடாரையே அரை ஸ்டெப், அதாவது அரை சுரம், இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு பாடுகிறார்கள். ஜெனிசிஸ் என்ற ராக் பேண்டின் கடைசி ஷோவில், 2022 மார்ச்சில் லண்டனில், பாடகர் ஃபில் காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார், ஒரு காலத்தில் அவர் அமர்ந்து வாசித்த டிரம்ஸை அவருடைய மகன் நிக் வாசித்தார். எழுந்து நிற்க முடியாதவரை மேடையேற்றலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் அவமானமாக எதுவும் தெரியவில்லை.

ஓஸியைச் சொன்னீர்கள். அந்தக் கதையை முழுசாகப் பார்ப்போம். பார்க்கின்சன் இருப்பதை 2020-இல் சொன்னார். 2023-இல், இனி ஊர் ஊராகச் சுற்ற உடம்பு இடம் கொடுக்காது என்று தானே அறிவித்தார். 2025 ஜூலை 5-ஆம் தேதி, தான் வளர்ந்த பர்மிங்ஹாமில், வில்லா பார்க் மைதானத்தில், ஒரு பெரிய ஆசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். அதே மாதம் 22-ஆம் தேதி இறந்தார், வயது 76. அது அழகாக அமைந்ததற்குக் காரணம், விடைபெற வேண்டும் என்பது அவருடைய ஆசையாகவே இருந்தது. அவர் பிள்ளைகள் அவரைக் கையைப் பிடித்து இறக்கவில்லை. இன்னொன்றும் பாருங்கள், அதே மேடையில் ஏரோஸ்மித் பேண்டின் பாடகர் ஸ்டீவன் டைலர் வந்து பாடினார். 2023-இல் குரல்வளையில் அடிபட்டு, 2024-இல் 'இனி சுற்றுப்பயணம் இல்லை' என்று அவருடைய பேண்ட் அறிவித்திருந்தது. நீண்ட டூர் முடியாதவருக்கு ஒரு சாயங்காலம் முடிந்தது. ஆக நிறுத்துவது, தொடர்வது என்று இரண்டே கதவுகள் இல்லை. மோட்லி க்ரூ என்ற பேண்ட்காரர்கள் 2014-இல் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து, இனி டூர் போக மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள், 2019-இல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்த்துத் திரும்ப வந்தார்கள். மனசு ஒத்துக்கொள்ளாமல் கையெழுத்து மட்டும் போட்டால் அது நிற்காது. உங்கள் வற்புறுத்தலில் அப்பா கிடாரைப் பெட்டியில் வைத்தாலும் இதுதான் நடக்கும், அல்லது அம்மா பயப்படுவது நடக்கும்.

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் பலரை நான் பார்க்கிறேன். காலையில் எழுந்தால் தன்னை எதிர்பார்த்து யாரும் இல்லை என்பதுதான் அவர்களைத் தின்கிற விஷயம். உங்கள் அப்பாவை வாரக் கடைசியில் மூன்று பேர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறோம் என்று அண்ணன் யோசித்தாரா? ஆனால் அம்மா சொல்வது போல வாயே திறக்காமல் இருப்பதும் சரிவராது. வீட்டில் எல்லோரும் மௌனமாக இருந்தால், அவருக்கு உண்மையைச் சொல்ல மிஞ்சுவது அந்தக் கமெண்டுகள் மட்டும்தான்.

கமெண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அப்பாவின் குரலா, அந்நியர்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்பாவை யாரோ கேலி செய்தால் பிள்ளைக்கு நெஞ்சு எரியத்தான் செய்யும், அதில் துரோகம் எதுவும் இல்லை. அந்த எரிச்சலைத் தணிப்பதற்காக அவர் பாடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். ராக் இளமையின் இசை என்பதையும் நான் ஏற்கவில்லை. அதைப் போட்டவர்கள் இளைஞர்களாக இருந்தார்கள், அவ்வளவே. ஜாகர் 80 தாண்டியும் ஸ்டேடியங்களில் பாடினார், கேட்க வந்தவர்களில் பாதிப் பேராவது அவர் பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்கள் என்றால் நான் நம்புவேன்.

எப்படிப் பேசுவது? ஷோ முடிந்த ராத்திரி வேண்டாம். ஷோவுக்கு முந்தின நாளும் வேண்டாம். வார நடுவில், நீங்கள் இரண்டு பேர் மட்டும் காபி குடிக்கிற நேரத்தில், "அப்பா, அந்தப் பாட்டுல மேல போறப்ப தொண்டை வலிக்குதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். அவசரப்பட்டு அறிவுரைக்குள் போய்விடாமல், "விரலும் வலிக்குதுன்னு தெரியும்பா, நான் பாத்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கே எல்லாம் பேசி முடிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது பேச்சில் காது டாக்டர், குரல் டாக்டர், பாட்டின் சுருதியை இறக்குவது, டிசம்பர் ஷோவில் சில பாட்டுகளை வேறொருவர் பாடுவது எல்லாம் வரலாம். வரி மறப்பதற்கு ஒரு டேப்லெட்டை மைக் ஸ்டாண்டில் மாட்டினால் போதும், வரிகளைத் திரையில் காட்டும் டெலிப்ராம்ப்டர் வைத்துப் பாடுகிற பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் செய்து பார்த்துவிட்டு "போதும்மா, இதோட விட்டுடலாம்" என்று அவரே சொன்னால், அப்போது தடுக்காதீர்கள். அதுவும் அவர் முடிவுதான்.

அந்த டிரம்ஸ் தம்பியிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கூட வாசிக்கிறவர்களுக்கும் ஷோ நன்றாக அமைய வேண்டும் என்ற உரிமை உண்டு. ஆனால் பேண்ட் விஷயத்தை அங்கிளின் மகள் வழியாகப் பேசக்கூடாது. பேச்சு அவனிடமிருந்து, பிராக்டிஸ் அறையில், "அங்கிள், இந்தப் பாட்டை ஒரு ஸ்டெப் கீழ வாசிச்சுப் பாக்கலாமா?" என்று ஆரம்பித்தால் உங்கள் அப்பா அதை ஒரு இசைக்கலைஞராகக் கேட்டுக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்