பொருளாதாரம் படிக்கப் பள்ளியில் எகனாமிக்ஸ் எடுத்தே ஆக வேண்டுமா?

மகளுக்கு வெளிநாட்டில் பொருளாதாரம் படிக்க ஆசை. அதனால் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுக்கு எகனாமிக்ஸ், அக்கவுண்டன்சி, பிசினஸ் ஸ்டடீஸ் மூன்றையும் எடுக்கச் சொல்லலாம், அவள் பயப்படும் கணக்கை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறீர்கள். கணக்கை விடாதீர்கள். ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் எகனாமிக்ஸைக்கூட விடலாம்.

தலைகீழாகச் சொல்வதுபோல் இருக்கும். சேர்க்கை விதிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் (எல்.எஸ்.இ.) தன் பி.எஸ்சி. பொருளாதாரத்துக்கு, பிரிட்டிஷ் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் (வழக்கமாக மூன்று பாடங்கள்) ஒரு ஏ ஸ்டார், அதாவது மிக உயர்ந்த கிரேடு, இரண்டு ஏ கேட்கிறது. அந்த ஏ ஸ்டார் கணிதத்தில் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜிலும் கணிதம் கட்டாயம். இரண்டு இடத்திலும் பள்ளியில் எகனாமிக்ஸ் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ரசல் குழுமம் எனப்படும் பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள், பல கதவுகளைத் திறந்து வைக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தன. கணிதம், இயற்பியல், வரலாறு, புவியியல் எல்லாம் அதில் உண்டு, எகனாமிக்ஸ் கிடையாது. அந்தப் பட்டியலை 2019இல் கைவிட்டுவிட்டார்கள், ஆனாலும் அதன் பின்னிருந்த எண்ணம் மாறிவிடவில்லை.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கே போதும். ஒரு பொருளை ஒரே ஒரு நிறுவனம்தான் விற்கிறது. விலை = 100 − 2 × அளவு. ஒன்றைச் செய்ய ஆகும் செலவு 20. எத்தனை விற்றால் லாபம் அதிகம்? பள்ளி எகனாமிக்ஸில் இறுதிநிலை வருவாய்க் கோடும் (கூடுதலாக ஒன்று விற்றால் வரும் வருவாய்) இறுதிநிலைச் செலவுக் கோடும் (கூடுதலாக ஒன்று செய்ய ஆகும் செலவு) வெட்டும் இடத்தைப் படம் வரைந்து காட்டுவார்கள். கால்குலஸின் அடிப்படையான வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்) தெரிந்த மாணவி, மொத்த வருவாய் 100 × அளவு − 2 × அளவின் வர்க்கம் என்று எழுதி, வகையிட்டு, 100 − 4 × அளவு = 20 என்று வைப்பாள். அளவு 20, விலை 60. இதுவரை படமும் கணக்கும் ஒன்றுதான்.

அடுத்த கேள்வியில்தான் வித்தியாசம் தெரியும். அரசு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி போடுகிறது. அதில் எவ்வளவு வாங்குபவர் தலையில் விழும்? செலவு இப்போது 20 + வரி. அதே சமன்பாட்டை மறுபடி தீர்த்தால் அளவு 20 − வரி ÷ 4, விலை 60 + வரி ÷ 2. ஆக, சரியாகப் பாதி வரி வாங்குபவர் மேல். வரி 8 ஆக இருந்தாலும் 12 ஆக இருந்தாலும் புதிதாகப் படம் போட வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலிருந்தே இதே வேலைதான், இன்னும் கடினமாக: பட்ஜெட் என்ற கட்டுப்பாட்டுக்குள் ஒருவரின் திருப்தியை உச்சமாக்குவது, பகுதி வகையிடல், அணிகள், நிகழ்தகவு, பிறகு தரவுகளை வைத்துத் தொடர்புப்போக்கு (ரெக்ரஷன்). பொருளாதாரக் கருத்துகளை அங்கே அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள். வகையிடலுக்கு அவ்வளவு பொறுமை காட்டமாட்டார்கள்.

அதற்காகப் பள்ளியில் எகனாமிக்ஸ் வீண் என்று சொல்லவில்லை. இந்தத் துறை தனக்குப் பிடிக்குமா என்று மகள் சோதித்துப் பார்க்க அது நல்ல வழி. எடுத்துக்கொள்ளட்டும், கணிதத்தோடு சேர்த்து. அக்கவுண்டன்சியும் பிசினஸும் வேறு கதை. மூன்று பாடங்களில் இவை இரண்டும், கூடவே எகனாமிக்ஸும் என்றால் ஒரே வயலை மூன்று முறை உழுத மாதிரி. கேட்டது சி.ஏ. என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கணிதம் என்ற பெயரில் எல்லாமே ஒன்றல்ல. பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் 2019 முதல் கணிதம் இரண்டு பாடங்களாக இருக்கிறது: அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிட்டேஷன். ஒவ்வொன்றிலும் ஹையர் லெவல், ஸ்டாண்டர்டு லெவல் உண்டு. கடுமையான பொருளாதாரத் துறைகள் விரும்புவது அனாலிசிஸ், ஹையர் லெவல். இன்னொன்றின் ஹையர் லெவலைச் சில இடங்கள் ஏற்கும். அதன் ஸ்டாண்டர்டு லெவலோடு போனால் பல கதவுகள் மூடிக்கொள்ளும். வேறு பாடத்திட்டங்களிலும் வணிகக் கணிதம், பயன்பாட்டுக் கணிதம் என்று ஒரு இலகுவான மாற்று இருக்கும். மதிப்பெண் வருமே என்று அதை எடுத்துவிட்டு, விண்ணப்பிக்கும் ஆண்டில் தவிப்பவர்கள் உண்டு.

ஏ லெவலில் கணிதத்தோடு கூடுதலாக எடுக்கும் உயர்கணிதப் பாடமான ஃபர்தர் மேத்ஸ் எடுக்கலாமா? கேம்பிரிட்ஜ், எல்.எஸ்.இ. போன்ற இடங்களுக்குக் குறிவைத்தால், பள்ளியில் அது இருந்தால், மகளுக்குக் கணக்கு ஓரளவு வசப்பட்டால், எடுக்கலாம். ஆனால் அதன் சுமையில் முதன்மைக் கணிதத்தின் ஏ ஸ்டார் கைநழுவும் என்றால் வேண்டாம். நிபந்தனை இருப்பது ஏ ஸ்டாருக்கு. பள்ளியில் அந்தப் பாடமே இல்லாத மாணவரை அதற்காக ஒதுக்கமாட்டார்கள்.

மூன்றாவது பாடத்துக்கு நான் வரலாறு மாதிரி ஒன்றைச் சொல்வேன். நிறையப் படித்து, வாதத்தைக் கோவையாக எழுதப் பழக்கும் எதுவும் சரி. பொருளாதாரப் பட்டப்படிப்பில் கட்டுரையும் எழுத வேண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அங்கேதான். மகளுக்கு இயற்பியல் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளட்டும், எந்தக் குறையும் இல்லை.

அப்புறம், நாட்டுக்கு நாடு வழி மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் இளநிலையில் தனிப் பொருளாதாரப் பட்டமே கிடையாது. எகனாமிக்ஸ் அண்ட் மேனேஜ்மென்ட்டுக்குக் கணிதம் கட்டாயம். தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த பி.பி.இ.க்குக் கட்டாயம் இல்லை, பரிந்துரை மட்டும். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பட்டப்படிப்பான ரோட்மன் காமர்ஸ், ஒன்டாரியோ மாகாண மாணவர்களிடம் 12ஆம் வகுப்பு கால்குலஸ் அண்ட் வெக்டர்ஸ் பாடத்தைக் கேட்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் சேர்ந்த பிறகுதான் முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டும், அதனால் அவசரம் குறைவு. ஆனால் அங்கும் பொருளாதாரத்தைத் தேர்ந்தெடுத்தால் கால்குலஸ் காத்திருக்கும், பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடமான ஏ.பி. கால்குலஸ் பி.சி. முடித்துப் போவது நல்லது.

கேம்பிரிட்ஜுக்கு இன்னொன்றும் உண்டு: டி.எம்.யு.ஏ. என்ற கணித நுழைவுத் தேர்வு. இரண்டு தாள்கள், ஒவ்வொரு தாளுக்கும் 75 நிமிடம், 20 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. வேறு பல்கலைக்கழகங்களும் இதைப் பயன்படுத்துகின்றன, பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி மகளின் பயம். ‘கணக்கு வராது’ என்பதை அப்படியே ஏற்காதீர்கள். எந்த இடத்தில் வரவில்லை என்று கேளுங்கள். இயற்கணிதத்தில் சுருக்கி எழுதும்போது தடுமாறுகிறாளா, அல்லது தேர்வில் நேரம் போதவில்லையா? முதலாவது சில மாதப் பயிற்சியில் சரியாகக்கூடியது. இரண்டாவது இன்னும் எளிது. மேலே சொன்ன வரிக் கணக்கை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை, ‘பாதி ஏன்?’ என்று அவள் கேட்டால் இந்தத் துறை அவளுக்குப் பொருந்தும் என்று நான் தைரியமாகச் சொல்வேன். உண்மையிலேயே கணக்கில் மனம் ஒட்டவில்லை என்றால், கணிதத்தை வற்புறுத்தாத பி.ஏ. பொருளாதாரமும், அரசியலோடோ வரலாற்றோடோ சேர்ந்த பட்டங்களும் இருக்கின்றன. பின்னாளில் முதுநிலைப் பொருளாதாரத்துக்குப் போக நினைத்தால் கணக்கு மறுபடி வாசலில் நிற்கும், அதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் பாடத் தேர்வுப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன், மகளுக்குப் பிடித்த நான்கைந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகத்துக்கு அவளையே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தின் பெயர், கணிதப் பாடத்தின் முழுப்பெயர், எந்த நிலை, எந்தப் பட்டப்படிப்பு, எந்த ஆண்டு என்று நான்கு வரியில் எழுதி, இதை ஏற்பீர்களா என்று நேராகக் கேட்கட்டும். வரும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியும், கடைசித் தேதியும் அக்டோபர் நடுவிலேயே வந்துவிடும் என்பதையும் அவள் காலண்டரில் இப்போதே குறித்துவிடட்டும்.