மலை இறக்கத்தில் 'டி'யிலேயே விடலாமா?

கேள்வி-பதில்

ஆட்டோமேட்டிக் காரில் கியரை நாமே மாற்றுவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கார் வாங்கி எட்டு மாதம். குடும்பத்தோடு வால்பாறை போய்விட்டு ஆழியாறு பக்கம் இறங்கும்போது, பாதி வழியில் கருகிய வாடை. பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போனது. மறுநாள் ஷோரூமில் பார்த்துவிட்டு 'பிரேக் நன்றாக இருக்கிறது' என்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கார் மலைக்கு ஆகாதா? - பொள்ளாச்சி வாசகர்

தாராளமாக ஆகும். கார் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித்தரவில்லை.

அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். லீவரை 'டி'யில் (டிரைவ், கார் தானே கியர் மாற்றிக்கொள்ளும் நிலை) விட்டு இறங்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெரும்பாலான கார்கள் மேல் கியருக்குப் போய்விடும். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறைந்து, மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். மிதிக்க மிதிக்க டிஸ்க் சூடேறி பேடின் பிடிப்பு குறைகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிக் குமிழி விட்டால் மிதி தொப்பென்று உள்ளே போகும். ஆறிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் மறுநாள் ஷோரூமில் ஒன்றும் தெரியவில்லை.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே லீவரை 'எம்' (மேனுவல், கியரை நாமே மாற்றும் நிலை) பக்கம் தள்ளி, மைனஸ் குறி உள்ள திசையில் தட்டி இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். செங்குத்தான இடத்தில் ஒன்றாவது கியர். ஏறும்போது எந்த கியர் கேட்டதோ அதிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும். 'எம்' இல்லாத காரில் கீழ் கியரிலேயே நிறுத்திவைக்கும் 'எல்' அல்லது '2' இருக்கும், அதைப் போடுங்கள். எஞ்சின் மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் உறுமும். மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. பெட்ரோலும் வீணாகாது: கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இப்போது பிரேக் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

இதைப் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். டெலிவரி அன்று மாலை போடுகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், ஆளுயரச் சாவி அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். போனை டச் ஸ்கிரீனில் இணைக்க அரை மணி நேரம் ஒருவர் உட்காருகிறார். அந்த 'எம்' எதற்கு என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. கையேட்டில் இருக்கிறது என்பார்கள். அது ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம். பிள்ளை குட்டியோடு மலை ஏறப்போகிற குடும்பத்துக்கு வண்டியை விற்றுவிட்டு இதைச் சொல்லாமல் விடுவதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தேவையான தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதையும் சேவைக் குறைபாட்டில் சேர்த்திருக்கிறது. கார் எடுக்கப் போகிறவர்கள் விற்பனையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் 'எம்' போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது 'டி'யிலிருந்து 'எம்'முக்கு மாற்றினால் கியர்பாக்ஸ் உடைந்துவிடுமா? - மதுரை வாசகர்

உடையாது. அந்த வேகத்துக்கு ஒவ்வாத கியரைக் கேட்டால் கம்ப்யூட்டரே மறுத்துவிடும். வண்டி முழுதாக நிற்கும்முன் 'ஆர்' (ரிவர்ஸ்), 'பி' (பார்க்கிங்) பக்கம் மட்டும் போகாதீர்கள்.

ஏழு லட்சம் ரூபாய் ஏ.எம்.டி. கார். கொல்லிமலையில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று ஏறியதில் புகை வந்து நின்றுவிட்டது. ஓடியது 11,000 கி.மீ.தான். கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்று 28,000 ரூபாய் கேட்கிறார்கள். நான்தான் கிளட்ச்சையே மிதிக்கவில்லையே? - நாமக்கல் வாசகி

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. காரில் கிளட்ச் மிதி இல்லை, கிளட்ச் இருக்கிறது. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை நம் காலுக்குப் பதில் ஒரு சின்ன இயந்திரம் மிதிக்கிறது. ஏற்றத்தில் வண்டி பின்னால் போகாமலிருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே நின்றால் கிளட்ச் பிளேட் உரசி உரசிக் கருகும். 70 வளைவுகள் உள்ள சாலையில் அதற்கு அதிக நேரம் ஆகாது. இனிமேல் ஹேண்ட்பிரேக்கில் நில்லுங்கள். முன்னால் இடம் விட்டதும் 'எம்'மில் ஒன்றாவது கியரில் ஒரே மூச்சாக ஏறுங்கள். 'டி'யில் விட்டால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தவிக்கும்.

பணத்தை உடனே கட்டிவிடாதீர்கள். வாரண்டி மறுக்கும் காரணத்தை ஜாப் கார்டில் எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பழைய ஏ.எம்.டி. கார் ஒன்றை வாங்கியபோது, கிளட்ச் புதிது என்று பில்லோடு என்னிடம் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது தேய்ந்து போன பழைய பிளேட். அந்த பிளேட்டைக் கையில் வைத்திருந்ததால்தான் பாதிப் பணமாவது திரும்பியது. ஆகவே பிளேட்டை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, கிளட்ச் சூடானால் எச்சரிக்கும் விளக்கோ ஒலியோ உங்கள் மாடலில் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தும் எச்சரிக்கவில்லை என்றால் அது வண்டியின் கோளாறு, உங்கள் தேய்மானம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். நகரவில்லை என்றால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து முதல் பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. நிச்சயம் வெல்வீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாயால் 'கிடையாது' என்பவர்கள் எழுத்தில் கேட்டதும் இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

சி.வி.டி. காரை 'ஏழு ஸ்பீடு' என்று விற்றார்கள். உள்ளே கியரே இல்லை என்கிறான் நண்பன். ஏமாற்றிவிட்டார்களா? - திருச்சி வாசகர்

நண்பர் சொல்வது சரி. சி.வி.டி.யில் இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும்தான். ஸ்டியரிங் பின்னாலுள்ள பேடிலைத் தட்டினால் ஏழு இடங்களில் நிறுத்திக் காட்டும்படி கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் அதற்குப் பலன் உண்டு, எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். பிரசுரத்தில் 'சி.வி.டி.' என்று அச்சிட்டிருந்தால் வழக்கு நிற்காது. அதை மறைத்து வெறும் 'ஏழு கியர்' என்று போட்டிருந்தால் பிரசுரத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு எழுதுங்கள்.

பேடிலுக்காகவே டாப் மாடல் எடுத்தேன், கூடுதலாக ஒன்றரை லட்சம். டெஸ்ட் டிரைவ் போக நேரமில்லை. ஓ.எம்.ஆர். நெரிசலில் பேடில் பயன்படவே இல்லை. வித்தியாசத்தைத் திரும்பக் கேட்கலாமா? - சென்னை வாசகர்

முடியாது. ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுக்கும்முன் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க நேரமில்லை என்றால், அதற்கு ஷோரூம் எப்படிப் பொறுப்பாகும்? மாதத்துக்கு நான்கு கடிதம் இப்படி வருகிறது. தயவுசெய்து, நீங்கள் தினமும் போகும் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மேட்டுப்பாளையம் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மைலேஜ் கூடுமாமே? - குன்னூர் வாசகர்

கூடவே கூடாது. எஞ்சின் பிடிப்பு அறவே போய்விடும். நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடவும் பெட்ரோல் வேண்டும்.

என் மின்சார காரில் கியர் இல்லை, ஆனால் பேடில் இருக்கிறது. எதற்கு? - கொடைக்கானல் வாசகி

காலை எடுத்ததும் மோட்டார் எவ்வளவு இழுத்துப் பிடித்து மின்சாரமாக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்க. இறக்கத்தில் கூட்டி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: மேலே ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு வத்தலக்குண்டு பக்கம் இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரம் போக இடமில்லாமல் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும், பிரேக்கைத்தான் நம்ப வேண்டிவரும். எண்பதில் கழற்றிவிடுங்கள்.

ஏ.எம்.டி. காரில் 'பி' இல்லை. சரிவில் எப்படி நிறுத்துவது? - ஏற்காடு வாசகர்

பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, லீவர் 'டி'யிலோ 'ஆர்'இலோ இருக்கும்போதே எஞ்சினை அணையுங்கள். சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.