விஷ்லிஸ்ட்டில் சேர்ப்பது அனலிட்டிக்ஸில் ஏன் தானாகத் தெரிவதில்லை?

ஆன்லைன் கடையில் பிடித்த பொருளை உடனே வாங்காமல், இதயக் குறியைத் தட்டிச் சேமித்து வைக்கும் பட்டியல்தான் விஷ்லிஸ்ட். தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸை இணைத்த பிறகும் அது அறிக்கையில் வருவதில்லையே என்று பல கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.

அதன் இப்போதைய பதிப்பான 'அனலிட்டிக்ஸ் 4', பக்கம் திறப்பது, கீழே நகர்த்துவது, வெளித்தளத்துக்குப் போவது போன்றவற்றைத் தானே பதிவு செய்யும். உங்கள் பக்கத்தில் உள்ள இதயப் பொத்தான் எதற்கு என்பது அதற்குத் தெரியாது. ஜவுளிக் கடையில் "இந்தப் புடவையை எடுத்து வைங்க, அப்புறம் வர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அது விற்பனையாளருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால்தான் முதலாளிக்குத் தெரியும்.

அப்படிச் சொல்லும் வேலையைச் செய்வது 'ஆட் டு விஷ்லிஸ்ட்' என்ற நிகழ்வு, அதாவது ஒருவர் செய்ததை அனலிட்டிக்ஸுக்குத் தெரிவிக்கும் பதிவு. கூகுளே பரிந்துரைக்கும் பெயர் இது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடிட்டு, add_to_wishlist என்று அப்படியே எழுதுங்கள். பொருளின் எண், பெயர், விலை, நாணயம் எல்லாம் கூடவே போகட்டும். நாணயத்தை விட்டுவிட்டால் மதிப்புக் கணக்கு சரியாக வராது. பொருள் உண்மையில் சேமிக்கப்பட்ட பிறகே நிகழ்வை அனுப்புங்கள். லாகின் கேட்டதும் திரும்பிப் போனவர்களும் பொத்தானைத் தட்டியவர்கள்தானே. சரி, பட்டியலிலிருந்து நீக்கினால்? அதற்குப் பரிந்துரைத்த பெயர் இல்லை, நீங்களே ஒன்று வைக்க வேண்டும்.

இதை இணைத்தால் யார் எதை விரும்பினார் என்று பெயரோடு தெரியும் எனப் பலர் நினைக்கிறார்கள். தெரியாது: மின்னஞ்சல், தொலைபேசி எண் போன்றவற்றை நிகழ்வோடு அனுப்பக் கூகுளின் விதியே அனுமதிப்பதில்லை, எந்தப் பொருள் எத்தனை முறை சேர்க்கப்பட்டது என்பதுதான் கிடைக்கும்.