ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் போர்ச் சிறப்புகளில் சோளிங்கர் இடம்பெற்றது எப்படி?

போர்ச் சிறப்பு என்பது, ஒரு படைப்பிரிவு திறம்படப் போரிட்ட களத்தின் பெயரைத் தன் மரபுரிமையாகத் தாங்கிக்கொள்ள அரசு அளிக்கும் அனுமதியாகும். அவற்றுள் முக்கியமானவை அதன் கொடியிலேயே பொறிக்கப்படும். கேள்வியில் குறிப்பிட்ட சோளிங்கர், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்து ஊரேதான். 1781 செப்டம்பரில் அங்கே ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் தலைமையில் ஹைதர் அலியை எதிர்த்த படையில், பின்னாளில் 71ஆம் எண் பெற்ற ஹைலாண்டர் (ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்) படைப்பிரிவும் இருந்தது.

எனினும் இந்த 71உம், பின்னர் அதனோடு இணைந்த 74ஆம் படைப்பிரிவும் சேர்ந்த மரபில் மிகப் பெரிதாகப் போற்றப்படுவது 1803 செப்டம்பர் 23 அன்று நடந்த அசாயே போர்தான். ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி மராத்தியரோடு மோதிய அந்நாளில், வலப்புற முன்னணிக் காவற்படை வழிதவறி அசாயே ஊரை நோக்கிச் செல்ல, அதைப் பின்தொடர்ந்த 74ஆம் ஹைலாண்டர்கள் பீரங்கிகளின் நேர்முன் சிக்கிப் பெரும்பாலோரை இழந்தனர். வெற்றியைவிட ஒரு தவறின் விலையே அங்கு கௌரவிக்கப்பட்டது என்பது என் கருத்து. யானைச் சின்னமும், வழக்கமான இரண்டுக்கு மேல் மூன்றாவது கொடியும் அவர்களுக்கு வழங்கப்பட்டன.

1881இல் 71, 74 ஆகிய இரண்டும் இணைந்து ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்ற ஒரே படைப்பிரிவு ஆனபோது இப்பெயர்களும் ஒன்றுசேர்ந்தன. 1959, 2006 இணைப்புகளுக்குப் பின் அம்மரபு ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தின் இரண்டாம் பட்டாலியனை வந்தடைந்தது.