இத்தாலியில் நடந்தே சுற்ற ஒரு சின்ன ஊர்

கேள்வி: எனக்கு 58 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வரும் செப்டம்பரில் தனியாக இத்தாலி போக ஆசை. ரோமில் இரண்டு நாள் போதும். மீதி ஐந்து இரவும் ஒரே சின்ன ஊரில் தங்கி, காலார நடந்து பார்க்க வேண்டும். கார் ஓட்ட மாட்டேன். ஏற்றம் என்றால் முழங்கால் வலிக்கும். சைவம். விடுதி விளம்பரங்களில் எல்லாம் 'எல்லாமே நடக்கும் தூரம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: லூக்காவுக்குப் போங்கள். மத்திய இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில், பீசாவிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம். ஏன் லூக்கா என்று சொல்வதற்கு முன், அந்த 'நடக்கும் தூரம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

இத்தாலியின் அழகான சின்ன ஊர்கள் பலவும் குன்றின் மேல் கட்டப்பட்டவை. மதிலுக்குள் போய்விட்டால் எல்லாம் பக்கத்தில்தான். வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டும். அந்த 400 மீட்டரும் ஏற்றமா, சமதளமா என்பதை வரைபடம் சொல்லாது. ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கும். சில வருடங்களுக்கு முன் உம்பிரியா பக்கம் ஒரு மலை ஊரில், 'சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிடம், இரண்டாம் மாடி' என்று படித்துவிட்டு அறை எடுத்தேன். இறங்கும்போது ஐந்து நிமிடம், ஏறும்போது பதினைந்து. பழைய கட்டடங்களில் கூரை உயரம், அதனால் இரண்டு மாடிக்கே அறுபது படிக்கு மேல் வந்தது. லிஃப்ட் இல்லை என்பது விளம்பரத்தின் கடைசி வரியில் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிய அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் ரயில் நிலையத்திலிருந்து அறைக் கதவு வரைக்கும் உள்ள வழியை முதலில் பார்க்கிறேன். வரைபடச் செயலியில் தெருப் படங்களைத் திறந்து, அந்த வழியை ஒரு முறை விரலாலேயே நடந்து பாருங்கள். சரிவும் படிகளும் அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, சாயங்காலம். தனியாகப் போகிறவருக்கு இது மிக முக்கியம் என்பேன். சில ஊர்கள் பகலில் சுற்றுலாப் பேருந்துகளால் நிரம்பி, ஆறு மணிக்கு மேல் வெறிச்சோடிவிடும். ஊர்க்காரர்கள் உள்ளேயே வாழ்கிற ஊராக இருந்தால், வேலை முடிந்து குடும்பம் குடும்பமாக வீதியில் உலாவ வருவார்கள். 'பாஸெஜ்ஜாத்தா' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அந்தக் கூட்டத்தோடு நீங்களும் நடக்கலாம். தனியாக இருப்பது உறுத்தாது.

லூக்கா இந்த இரண்டிலும் தேறுகிறது. பழைய நகரம் முழுக்கச் சமதளம். ரயில் நிலையம் தெற்கு மதிலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய கோட்டை மதில் முழுசாக அப்படியே நிற்கிறது. சுற்றளவு நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் மேலே இருபுறமும் மரங்களோடு அகலமான நடைபாதை, கார் கிடையாது. மேலே போகச் சாய்தளங்கள் இருப்பதால் படி ஏற வேண்டியதில்லை. காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று என்று ஊர்க்காரர்கள் நடக்கிறார்கள். போருக்காகக் கட்டிய மதில், 1812இல் செர்க்கியோ ஆறு பெருகி வந்தபோது கதவுகளை அடைத்து ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றியது. அதன் மேல் நடக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள், நடையே வேறு மாதிரி இருக்கும்.

உள்ளே, பழைய ரோமானிய அரங்கின் சுவர்களோடு ஒட்டி எழும்பிய வீடுகள் முட்டை வடிவத்தில் சூழ நிற்கும் சதுக்கம் ஒன்று இருக்கிறது. ஓபரா இசையமைப்பாளர் புச்சீனி 1858இல் பிறந்த ஊர் இது. உச்சியில் ஓக் மரங்கள் வளர்ந்து நிற்கும் குயினிஜி கோபுரத்துக்கு 200க்கு மேல் படிகள். உங்கள் முழங்காலுக்கு வேண்டாம், கீழிருந்தே பாருங்கள். செப்டம்பர் 13 மாலை ஊரில் இருக்க முடிந்தால் இருங்கள். திருச்சிலுவை விழாவுக்காக வீடுகளின் ஜன்னல் விளிம்பெல்லாம் சின்னச் சின்ன விளக்குகள் ஏற்றி, ஊர்வலம் போவார்கள். அந்த இரவுக்கு மட்டும் அறையை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும். அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பத்தில் காமிக்ஸ் திருவிழா நடக்கும். அப்போது ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. பயணம் தள்ளிப்போனால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 'தொர்தெல்லி' என்ற உள்ளூர்ப் பாஸ்தாவின் உள்ளே இறைச்சி, பார்த்தால் தெரியாது. 'செச்சீனா' தைரியமாகச் சாப்பிடலாம்: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அடுப்பில் சுட்ட அடை மாதிரி இருக்கும். காய்கறி சூப் என்றாலும் அதன் 'ப்ரோதோ', அதாவது அடிச்சாறு, எதில் செய்தது என்று கேளுங்கள், இறைச்சிச் சாறாக இருக்கலாம். பார்மெசான் சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. அதையும் தவிர்ப்பவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி காசு விஷயம். தனி ஆள் என்பதால் இரட்டை அறைக்கு முழுக் கட்டணம் கேட்பார்கள். 'சிங்கோலா' என்றால் ஒருவர் அறை, சில சமயம் ரொம்பச் சின்னதாக இருக்கும். 'டோப்பியா ஊசோ சிங்கோலா' என்றால் இரட்டை அறையை ஒருவருக்கு, பல இடங்களில் சற்றுக் குறைந்த விலையில் தருவது. விடுதிக்கு நேரடியாக எழுதிக் கேட்டுப் பாருங்கள். அதே கடிதத்தில் லிஃப்ட் இருக்கிறதா, வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்றும் கேளுங்கள். எண்ணிச் சொல்பவரை நம்பலாம். மழுப்பினால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.

விசா கைக்கு வரும் வரை 'பணம் திரும்பக் கிடைக்காது' என்ற மலிவு விலையில் அறை எடுக்காதீர்கள். இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம். மறுத்தாலும் அது திரும்ப வராது. அறைப் பணமும் அதோடு போக வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், சீக்கிரம் செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். தனியார் வீடு எடுப்பதானால், 2025 தொடக்கத்திலிருந்து இத்தாலியில் ஒவ்வொரு சுற்றுலா வாடகை வீட்டுக்கும் 'சின்' என்ற தேசிய அடையாள எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் அது இல்லாவிட்டால் ஒதுங்கிவிடுங்கள். அறை வாடகை போக, பல ஊர்களில் இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனியாக வாங்குவார்கள். உணவகப் பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒரு சிறு தொகை வந்தால் அது மோசடி இல்லை, அங்கே வழக்கம்.

ரோமிலிருந்து ஃபிளாரன்ஸ் வரை அதிவேக ரயில், சுமார் ஒன்றரை மணி நேரம். அதன் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும், அதனால் முன்பே வாங்குங்கள். ஃபிளாரன்ஸிலிருந்து லூக்காவுக்குச் சாதாரண வட்டார ரயில். அதன் கட்டணம் மாறாது, அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். காகிதச் சீட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை பதிக்க மறக்காதீர்கள். மறந்தால் அபராதம்.

லூக்காவில் அறை கிடைக்காவிட்டால் ஃபெராரா. பொலோனியாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். அதுவும் சமதளம், ஊரே சைக்கிளில் போகும், பூசணி அடைத்த 'கப்பெல்லாச்சி' பாஸ்தா கிடைக்கும். ஆனால் பழைய தெருக்களில் கூழாங்கல் பதித்திருக்கும். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்போடு போகாதீர்கள்.

கேள்வி: சியெனாவும் சான் ஜிமிஞ்ஞானோவும் பார்க்க வேண்டும். வாடகைக் கார் எடுத்தால் நேரம் மிச்சம்தானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மிச்சமாகாது. பழைய ஊர் மையங்கள் பெரும்பாலும் 'ஸெட்-டி-எல்' என்ற வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதிகள். கேமரா படம் எடுத்துவிடும். அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும்; உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்காகக் கார் நிறுவனமும் தனியாக ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும். ஃபிளாரன்ஸிலிருந்து சியெனாவுக்குப் பேருந்தில் போங்கள். ரயில் நிலையம் ஊருக்குக் கீழே இருக்கிறது, பேருந்து மேலேயே விடும். ஏற்றம் இறக்கம் நிறைய உண்டு, முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு அருமையான ஊர். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டும் பாலியோ குதிரைப் பந்தய நாட்கள். பந்தயம் பார்க்க விரும்பாவிட்டால் அந்த வாரங்களில் போகாதீர்கள். சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ரயில் இல்லை. பொஜ்ஜிபொன்சியில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும். முடிந்தால் ஓர் இரவு தங்கிவிடுங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த ஊரின் பேர்பெற்ற பழைய கல் கோபுரங்களை நின்று பார்க்க முடியும்.